விழுந்து பார்த்த தெரு

“என் பொண்ணு ஆறு நாளா வாசல் தாண்டல சார். இவனைக் கொஞ்சம் என்கிட்ட விடுங்க” என்று பாய்ந்தார் தையல்காரர்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே கை நீட்டினார். நடந்ததை நடந்த இடத்திலேயே காட்டச் சொல்லித்தான் திருடனை அழைத்து வந்திருந்தார்.

பிற்பகல் மூன்று மணி. தெரு பாதித் தூக்கத்தில் கிடந்தது. வெயிலில் வீடுகள் லேசாக மிதப்பது மாதிரி இருந்தது. தையல் கடைக்கு மேல், மாடி ஜன்னலில் மகள் நின்றாள். சங்கிலி அறுந்த இடத்தில், கழுத்தில் கட்டு.

“ஊர்ல எத்தனையோ தெரு இருக்கு. இதை ஏன்டா தேர்ந்தெடுத்தே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

திருடன் கனவில் பேசுகிறவன்போல மெதுவாகச் சொன்னான். “ஆளை அப்புறம்தான் பாப்போம் சார். முதல்ல தெருவைப் பாப்போம்.”

“கேமரா இருக்கான்னா?”

“இல்ல சார். விழுந்து பாப்போம்.”

“என்னடா உளர்றே?”

“என் கூட்டாளி வண்டியோட சாய்ஞ்சு, காலைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவான். யார் யார் எழுந்து வர்றாங்கன்னு நான் தள்ளி நின்னு பாப்பேன். விழுந்தவனுக்கு ஓடி வர்றவங்க, ‘திருடன்’னு கத்தினாலும் ஓடி வருவாங்க. அந்தத் தெருவை விட்டுடுவோம்.”

“அப்படி எதை விட்டீங்க?”

“பக்கத்துத் தெருவை. ஒரு அம்மா தண்ணி கொண்டாந்துச்சு. ஒரு பெரியவர் தன் கைக்குட்டையை எடுத்து முட்டியில கட்டினார். பொய்யா விழுந்தவனுக்கு நிஜமாவே அழுகை வந்துடுச்சு சார். அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசவே இல்ல.”

தையல்காரர் சிரித்தார். “கேட்டீங்களா சார் கதையை? கருணைக் கடல். ஏன்டா, ஈவு இரக்கம் இருக்கிற மனுஷனா நீ?”



“இந்தத் தெருவுல விழுந்தப்ப யாருமே இல்லையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தார். விழுந்த கூட்டாளி கையெடுத்துக் கும்பிட்டு, ‘அண்ணே, ஒரு கை கொடுங்கண்ணே’ன்னான்.”

தையல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அதுக்கு அவர் என்ன சொன்னார்?”

திருடன் ஒருமுறை மாடியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“அது வேணாம் சார். பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கு.”