சாரைப்பாம்பின் வயிற்றுப் பிள்ளை

செவலைக் கோழி இட்ட முட்டையையெல்லாம் வீட்டுக்காரி எடுத்துக் குழம்பு வைத்துவிட்டாள். ஒருநாள் வைக்கோல் போரடியில் வெள்ளையாக ஒரு கூழாங்கல் அதன் கண்ணில் பட்டது. எப்படியோ தப்பிப் பிழைத்த தன் முட்டைதான் என்று நம்பி, கோழி அதன் மேல் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. மழையில் நனைந்தபோதும் எழவில்லை, இரைக்கும் போகவில்லை.

கடைசியில் தாகம் தாங்காமல் தொட்டிக்குப் போய்த் திரும்பினால், கல்லைக் காணோம். வயிறு புடைத்த சாரைப்பாம்பு ஒன்று நகர முடியாமல் முனகிக்கொண்டு கிடந்தது.

“என்ன முட்டை இது? கல்லு மாதிரி கனக்குது!”

“பட்டினி கிடந்து காத்த பிள்ளை கனக்காம என்ன செய்யும்? கக்குடா!”

“கக்க வரலையே!”

கோழி கொத்திப் பார்த்தது, அழுது பார்த்தது. பிறகு பாம்பின் மேலேயே ஏறி, புடைப்பை இறக்கையால் மூடி உட்கார்ந்துகொண்டது.

“ஏய், இறங்கு! பார்த்தவன் சிரிப்பான்.”

“அசையாதே. சூடு ஆறினா குஞ்சு தாங்காது.”

பாம்பு வேறு வழியில்லாமல் கிடந்தது. காக்கை எட்டிப் பார்த்தபோது இரண்டும் சேர்ந்து சீறின.

சில நாள் கழித்துப் பாம்பு தயங்கித் தயங்கிக் கேட்டது.

“அக்கா, குஞ்சு வெளியே வந்தா என்னை என்னன்னு கூப்பிடும்?”

“மாமான்னுதான்,” என்றது கோழி. “பேசாம படு.”