கேமரா முன்னால் ஐந்து தவறுகள்

மூன்றாவது தவறையும் பத்மஜா தாளில் குறித்துக்கொண்டாள்.

மும்பை செம்பூரிலுள்ள அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது இயந்திரத்தின் முன் நின்றிருந்தவள் தாராவியிலிருந்து வேலைக்கு வரும் முத்துமாரி. பதினாறு வருட அனுபவம், கூடத்துக்கே இன்சார்ஜ். இயந்திரத்தின் தொடுதிரையை வடிவமைத்தவள் பத்மஜா. ‘யாரும் சொல்லித்தராமலே எவரும் இயக்கலாம்’ என்று அவளுடைய கம்பெனி அந்தத் திரையைப் பற்றித் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தது.

அது மெய்யா என்று பார்க்கத்தான் இன்று பத்து வேலைகள், தலைக்கு மேல் ஒரு கேமரா. “உங்களிடம் கெட்டிக்காரர் யாரோ அவரை அனுப்புங்கள்” என்று கம்பெனி கேட்டபோது, கூடத்தின் உரிமையாளர் டாக்டர் நம்பிராஜன் சற்றும் யோசிக்காமல் சொன்ன பெயர் முத்துமாரி.

அந்தக் கெட்டிக்காரிதான் திரையில் முதல் நோயாளியின் பெயர் இருக்கும்போதே அடுத்தவரின் ரத்தக் குழாயை உள்ளே வைத்தாள். எச்சரிக்கை மணி அடித்ததும், என்ன ஏது என்று படிக்காமல் ‘ஓகே’யை அமுக்கினாள். ‘ஸ்டார்ட்’டை இரண்டு முறை தட்டினாள், ஒருமுறை தட்டியதுமே அதே இடத்தில் ‘ஸ்டாப்’ வந்துவிடுவதால், ஓடத் தொடங்கிய பரிசோதனை நின்றுபோயிற்று.

“முத்துமாரி, க்யா ஹோ ரஹா ஹை? என்ன நடக்குது இங்க? கை நடுங்குதா?” என்றார் டாக்டர்.

“இல்ல டாக்டர்.”

“பின்ன என்ன? ஸ்கூல் பிள்ளைகூட ஒழுங்கா அமுக்கிடும்.”

பத்மஜா அடுத்த வேலைக்குத் தாவினாள்.

“பொட்டாசியம் எவ்வளவு காட்டறது? வாசிங்கோ.”

திரையில் இருந்தது 3.1, நடுவிலுள்ள புள்ளி மட்டும் மிகச் சிறியது.

“முப்பத்தொண்ணு” என்றாள் முத்துமாரி.

“முப்பத்தொண்ணா! அந்த ஆளு செத்து மூணு நாள் ஆகியிருக்கணுமே!” டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

“சரி, இந்த ரெண்டு சாம்பிள்ல எதைத் திரும்பச் செய்யணும்?” பத்மஜா கேட்டாள். ஒன்றன்மேல் சிவப்புப் புள்ளி, மற்றதன்மேல் பச்சை. சிவப்பு என்றால் திரும்பச் செய்ய வேண்டும். சற்று முன்புதான் விளக்கியிருந்தாள்.

முத்துமாரியின் விரல் பச்சையைத் தொட்டது.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “போதும். உன்னை நம்பியா இத்தனை வருஷம் இந்த லேபை விட்டு வச்சேன்? நாளையிலேருந்து நிகில்தான் இன்சார்ஜ். நீ முன்பக்கம் உட்கார்ந்து வர்றவங்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடு.”

“டாக்டர், அது வந்து…” கதவோரம் நின்ற அவளுடைய உதவியாளன் நிகில் ஏதோ சொல்ல வந்தான். முத்துமாரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சரிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளறைக்குப் போனாள்.

பத்மஜா கம்பெனி முதலாளி வெங்கிக்குப் போன் செய்தாள்.

“பத்துல அஞ்சு தப்பா?” வெங்கி கத்தினார். “பதிவான தப்பை எல்லாம் திருத்தாம மிஷினை விற்க முடியாதுன்னு விதி இருக்கே, தெரியாதா? திரையே மொத்தமா மாறணும். அந்த அம்மா பயிற்சி இல்லாதவங்கன்னு எழுது. பதிவு செல்லாதுன்னு ஆயிடும். வேற ஆளை வச்சு எடுத்துக்கலாம்.”

பத்மஜாவுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. எட்டு மாத உழைப்பில் ஒருத்தி ஒரு மணி நேரத்தில் மண்ணை அள்ளிப் போடுவதா? படிவத்தில் ‘பயிற்சி இல்லாதவர்’ என்று எழுதி, கையெழுத்து வாங்க உள்ளே போனாள்.

முத்துமாரி அன்று வந்த ரத்தக் குழாய்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு மூடி இடப்பக்கம், பச்சை மூடி வலப்பக்கம். கை பறந்தது. ஒன்றுகூட மாறவில்லை. கடுகு போன்ற எழுத்தில் இருந்த லேபிளைக் கண்ணாடி இல்லாமலே வாசித்து எழுதினாள்.

பத்மஜாவுக்குச் சுருக்கென்றது.

“சிவப்பு, பச்சை எல்லாம் உங்களுக்கு நன்னாத் தெரியறதே?”

முத்துமாரியின் கை நின்றது.

“அப்போ அங்கே வேணும்னுட்டே பண்ணினேளா? யார் சொல்லிக்கொடுத்தா? வேற கம்பெனிக்காராளா?”

“யாரும் சொல்லிக்குடுக்கல மேடம்.”

“பின்னே எதுக்கு? நான் இப்பவே டாக்டரைக் கூப்பிடறேன்.”

முத்துமாரி எழுந்து கதவைச் சாத்தினாள்.

“போன மிஷினு வந்தப்போ அதுல உள்ள குறையெல்லாம் நானே பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். ‘ஆளுக்குப் பயிற்சி பத்தாது’ன்னு பதில் போட்டாவ. கேமராவுல விழுந்ததைத் திருத்தியே ஆகணும்னு காலையில நீங்கதான வாசிச்சிய?”

“அதுக்காக இன்சார்ஜ் பதவியைப் போக்கிப்பாளா யாராவது? நீங்க ஒருநாளும் பண்ணாத தப்பையெல்லாம் பண்ணிக் காட்டி…”

“நான் பண்ணாததுதான். ஆனா ஒவ்வொண்ணும் இந்த ரூமுல நடந்தது மேடம். அஞ்சு தப்பும் அஞ்சு பேரு கையால நடந்தது. அவிய கேமரா முன்னால நின்னிருந்தா வேலையே போயிருக்கும். எனக்குப் பதவிதான போச்சு? திரையை மட்டும் மாத்திக் குடுங்க. அந்த அஞ்சு பேரு யாருன்னு கேக்காதிய.”