நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து விரல்

ஸ்கேனர், பிலோமினா அம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. பல்கலைக்கழக நூலகத்தின் பழைய ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கட்டும் என்று, பக்கம் பக்கமாக அதன் கண்ணாடியில் வைத்தவர் அவர்தான். அன்று வேலை முடிந்ததும் ஸ்கேனருக்கு உறையைப் போர்த்திவிட்டுப் போனார். திங்களன்று, அவர் இறந்த செய்தியோடு வேறொருவர் வந்து உறையை எடுத்தார்.

சில மாதம் கழித்து, படங்களையெல்லாம் சேமித்து வைக்கும் சர்வர் பேசியது.

"அண்ணே, நெற்பயிர் நோய் ஆய்வேட்டுல நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திரும்ப எடுக்கணுமாம். பிலோமினா அம்மாவோட கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருக்கு."

"விரலா? எப்படி இருக்கு?"

"நகத்துல ஒரு கீறல். ஓரத்துல பசை காஞ்சிருக்கு. நீங்க எடுத்த படம், என்னைக் கேக்குறீங்க!"

"எடுத்த உடனே உனக்கு அனுப்பிடுறேன், தம்பி. என்கிட்ட எதுவும் தங்காது. அந்தப் படத்தை அழிக்காம விட்டுடேன்."

"விரலுக்கு அடியில மருந்தோட அளவு இருக்கு, அண்ணே. ஒரு விவசாயி மூணு தடவை எழுதிக் கேட்டுட்டார்."

ஒரு எழுத்து மங்கினாலும் பக்கத்தை மறுபடி வைப்பவர் பிலோமினா அம்மா.

புதியவர் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். விளக்கைப் போடாமல் இருந்துவிடலாமா என்று ஸ்கேனர் ஒரு கணம் நினைத்தது. பிறகு போட்டது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்போது இருபத்தாறு வரிகளும் தெளிவாக இருக்கின்றன.