ராசியில்லாத கிளார்க்

“அந்தக் கிளார்க் சர்ச்சுக்குள்ள வந்தா, நான் வெளியே போயிடுவேன்!”

டோரீன் தலையில் வைக்க எடுத்த தொப்பியைச் சோபாவில் வீசினாள். மகளுக்குக் கல்யாணம், கார் வாசலில் வந்து நிற்கிறது.

“எனக்குக் கிளார்க்தான் வேணும்!” வெள்ளை கவுனில் நின்ற ஹெட்டியும் விடவில்லை. “இல்லேன்னா நான் கார்லயே ஏறமாட்டேன்.”

மாப்பிள்ளையின் பெயர் நைஜல். பாவம், அவன் சர்ச்சில் காத்திருந்தான்.

கிளார்க் செத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. மணப்பெண் நடந்து வரும்போது ஆர்கனில் முழங்குவார்களே, அந்த டிரம்பெட் மெட்டைப் போட்டவர். சண்டை அந்த மெட்டுக்காகத்தான்.

“காதல்ல தோத்து உயிரை விட்டவன்டி அவன்! அவன் மெட்டுல நடந்து போனா குடும்பம் விளங்குமா? என் கல்யாணத்துக்கு பர்செல்னு இன்னொருத்தர் போட்ட மெட்டு வாசிச்சாங்க. நானும் உங்கப்பாவும் எப்படி இருக்கோம் பாரு!”

அந்த அப்பா கிளிஃபர்ட், மனைவியின் கைப்பை, குடை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

“என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? ஓடிப்போய் ஆர்கன்காரர்கிட்ட பர்செல்னு சொல்லுங்க!”

“கிளார்க்னு சொல்லுங்கப்பா!”

தூறலில் நனைந்தபடி தெருமுனையில் இருந்த சர்ச்சுக்கு ஓடியவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். மனைவியின் காதில், “பர்செல்தான்” என்றார். மகளின் காதில், “கிளார்க்தான்” என்றார்.

இரண்டு முகமும் மலர்ந்தன. யாரோ ஒருத்தி ஏமாறப் போகிறாள், மனுஷனுக்கு இன்றைக்கு நல்ல பூசை இருக்கிறது என்று வாசலில் நின்று இரண்டையும் கேட்டுவிட்ட கார் டிரைவர் பரிதாபப்பட்டான்.

ஆர்கன் முழங்கியது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹெட்டி அடிமேல் அடி வைத்தாள்.

“இதான்! என் கல்யாணத்துல வாசிச்ச அதே பர்செல்!” முன்வரிசையில் டோரீன் ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

ஹெட்டி குழம்பிப்போனாள். “அப்பா, இது கிளார்க்தானே? அம்மா ஏன் இப்படிப் பூரிச்சுப் போறாங்க?”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா,” கிளிஃபர்ட் கிசுகிசுத்தார். “கிளார்க் போட்ட மெட்டுக்கு, ரொம்ப காலம் பர்செல் பேரைப் போட்டு அச்சடிச்சிட்டிருந்தாங்க. எங்க கல்யாணத்துல வாசிச்சதும் கிளார்க்தான். உங்கம்மாவுக்குத்தான் தெரியாது.”

ஹெட்டியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூங்கொத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“அப்போ, அந்த மெட்டு ராசியில்லேன்னு அம்மா சொன்னதெல்லாம் சுத்தப் பொய்!”

கிளிஃபர்ட் முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். இன்னமும் தோளில் தொங்கிய மனைவியின் கைப்பையைச் சரிசெய்துகொண்டார்.

“அது மட்டும் நெஜம்தாம்மா.”