பச்சைத் துணி முடிச்சு

எண்பத்து நான்கில், பள்ளிச் சுற்றுலா கிளம்பிய ஹாஜிராவின் புஜத்தில், வழிக்குக் காவலாக அம்மா பச்சைத் துணியில் காசு முடிந்து கட்டினாள்.

"நீயா அவுக்காத. வூட்டுக்கு வந்ததும் நாந்தான் அவுப்பேன்."

கடலைப் பார்க்கும் ஆசையும் பென்னாகரத்தை விட்டுப் போகும் பயமுமாக அவள் பஸ் ஏறினாள்.

மெட்ராஸ் கடற்கரையில் ஒருத்தி அவள் முடியைப் பிடித்து இழுத்துப்போட்டு வாயிலேயே மிதித்தாள். பல் உடைந்தது. மிதித்தவளுக்கும் ஹாஜிராவின் முகம்தான். புஜத்தில் அதே பச்சைத் துணி, வெளுத்துப்போய்.

"நீ இங்கயே கெட. இந்தத் தடவ வூட்டுக்கு நான் போறேன்."

டீச்சர் ஓடிவந்தபோது அங்கே வேறு யாருமில்லை.

மறுநாள் ஹாஜிரா வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா யாருடைய புஜத்திலிருந்தோ வெளுத்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துணி கட்டியிருந்தவளின் குதிகாலில் ரத்தம் காய்ந்திருந்தது.

அம்மா நிமிர்ந்தாள்.

"அய்யோ, வாயெல்லாம் ரத்தமா இருக்குதே கண்ணு! எங்க ஹாஜிராகூடப் படிக்கிற புள்ளையா நீ?"