சாவில்லாத மாதம்

இந்த மாதம் வார்டில் ஒரு சாவுகூட விழக்கூடாது என்று தலைமை டாக்டர் இலக்கு வைத்ததிலிருந்து நர்ஸ் ஜெசிந்தா சரியாக வீட்டுக்கே போகவில்லை. கை கழுவாத யாரையும் அவள் கட்டில் பக்கம் விடவில்லை. பிழைக்கமாட்டார்கள் என்று கைவிட்டிருந்த இரண்டு பேர் தங்கள் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்கள். மாதத்தின் கடைசி நாள் மதியம் மூலைக் கட்டிலில் கிடந்த மாடக்கண்ணுவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"மேல்சிகிச்சைன்னு சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர்.

"வழியிலயே போயிடுவாரு சார்."

"அது நம்ம கணக்குல வராது."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே ஜெசிந்தாவின் விரலுக்கடியில் அவருடைய நாடி நின்றுபோனது. துணிப்பையோடு பின்னால் ஏறிய அவர் மனைவி பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்காக இவ்வளவு பாடுபடுறீங்களே, நீங்க நல்லாருக்கணும் தாயி. இப்ப எப்படி இருக்காரு?"

ஜெசிந்தா நழுவியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை அவர் முகத்தில் சரியாகப் பொருத்தினாள்.

"தூங்குறாரும்மா. பேச்சுக் குடுக்காதீங்க."

இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு டிரைவரிடம் போனாள்.

"கேட்டைத் தாண்டுற வரைக்கும் வேகமாப் போங்கண்ணே," என்றாள். "அப்புறம் மெதுவாப் போனாப் போதும்."