உயிலுக்கு நல்ல நாள்

மாமியார் பேனாவைத் திரும்பவும் கீழே வைத்துவிட்டார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

பத்திர எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

மருமகள் பல்லைக் கடித்தாள். போன முறை அஷ்டமி. அதற்கு முன்னால் கரிநாள். அதற்கும் முன்னால் இந்த ஆபீஸ் வாசலில் குறுக்கே போன பூனை. நாள் செய்வது நல்லார் செய்யார் என்று பழமொழி வேறு.

இத்தனைக்கும் உயில் எழுத வேண்டும் என்று ஆரம்பித்ததே மாமியார்தான்.

வீடு அவர் பேரில் இருக்கிறது. அவளுக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. உயில் எழுதாமல் மாமியார் கண்ணை மூடினால் வீடு நாத்தனார்கள் இருவருக்கும் போகும். மருமகளுக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது. இதைப் பத்திர எழுத்தர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

போன பொங்கலுக்கு வந்த நாத்தனார்கள், அடுப்படியை இடித்துக் கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாட்சிக்காக எதிர்வீட்டுக்காரரையும் மருந்துக்கடைக்காரரையும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருக்கிறாள். கொடுக்க மனமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

கிளம்பலாம் என்று பையை எடுத்தாள்.

மாமியார் எழுந்திருக்கவில்லை. அவர் விரல் இன்னும் தாளின் மேலேயே இருந்தது.

'காலஞ்சென்ற என் மகன் சிவநேசனின் மனைவிக்கு...'

விரல் முதல் சொல்லை மூடியிருந்தது.

எழுத்தர் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் இந்த வரி வந்த பிறகுதான் நாள் கெட்டுப்போயிருக்கிறது. அவள்தான் கவனிக்கவில்லை.

வீட்டில் அவன் படத்துக்கு மாலை போட மாமியார் இன்றுவரை யாரையும் விட்டதில்லை.

அவளுக்கு எரிச்சல் முழுதாக அடங்கவில்லை. அதே எரிச்சலோடுதான் கேட்டாள்.

"அண்ணே, அந்த மொத வார்த்தைய எடுத்துட்டா உயில் செல்லாமப் போயிருமா?"

எழுத்தர் மாமியாரின் விரலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"செல்லும்மா."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். புதுத் தாள் சூடாக வெளியே வந்தது.

மாமியார் அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். மகன் பேரில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

எதிர்வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

"அம்மா, நாலரை வரைக்கும் ராகு காலம்மா..."

அவள் அவரை முறைத்தாள்.

மாமியார் நிமிரவே இல்லை. முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.